சம்பந்தி வீட்டு ஏசி

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் என் ஹார்ட்வெயார் கடைக்கு அடுத்த கடை அழகையாவுடையது. வாசலில் 'ஏசி, பிரிட்ஜ், கீசர் திருத்தப்படும்' என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையை அவர் மாட்டிய அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். விடியற்காலையில் போர்வைக்கு வெளியே கையை நீட்ட மனம் வராத கண்டியில் யார் ஏசி வாங்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"வாங்குவாங்க பாயிஸ் நானா. வெயில் வராட்டியும் ஆசை வரும்," என்றார். எங்களூரில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சொன்னபடியே ஆசையும் வந்தது, பின்னால் வெயிலும் வந்தது. காலையில் கீசர், பகலில் ஏசி என்று இப்போது அவருக்குச் சாப்பிட நேரமில்லை.

தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பெரிய விசிறிகளைப் பார்த்து வளர்ந்தவர். இளவயதில் கத்தாருக்குப் போய், மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தபோது இவர் ஒரு பெட்டி நிறைய ஸ்க்ரூ டிரைவர்களும் ஸ்பேனர்களும் கொண்டுவந்தார். அதற்காக மனைவி பாலம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: திருத்தலாமா, மாற்ற வேண்டுமா, எவ்வளவு செலவாகும்? அழகையாவின் பதிலும் ஒன்றுதான். "கழுவிப் பார்ப்போம். பொறகு பேசுவோம்." டொலர் ஏறி, புது ஏசியின் விலை கேட்டாலே வியர்க்கிற காலம் வந்தபோது அந்த வார்த்தைக்குத் தனி மதிப்பு உண்டானது. தேறாத மெஷின் என்றால், "இதுல இனிக் காசு போடாதீங்க, புதுசு வாங்குங்க," என்று தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொள்வார். நான் வியாபாரி. இதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

போன வருடம் மகள் சந்திரிகாவைத் திகனவில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளையின் தகப்பன் தனபாலன், மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். தாய் அன்னலட்சுமி, வீட்டை ஒரு தூசி இல்லாமல் வைத்திருப்பவர். சீர் வரிசையில் அழகையா ஓர் ஏசியையும் சேர்த்தார். அது புதியதல்ல. ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றித் தானே புதுப்பித்த ஜப்பான் மெஷின்.

"மகள்ட மாப்பிள வீட்டுக்குப் பழசக் குடுக்கிறதா? புதுசொண்ட வாங்கிக் குடுங்க," என்று நான் சண்டையே பிடித்தேன்.

"புதுசுல தகடெல்லாம் பேப்பர் மாதிரி நானா. இது என் மகளுக்குக் கடைசி வரைக்கும் உழைக்கும்," என்றார். சம்பந்தி வீட்டிலும் மறைக்காமல் சொன்னார். அவர்களும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

சில மாதத்தில் அந்த மெஷின் படுத்துவிட்டது. ஓடுகிறது, குளிர் வரவில்லை. அழகையா சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திகனவுக்குப் புறப்பட்டார். பாலம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் துணைக்கு நான் போனேன். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட்டும் என் மடியில் இருந்தன.

வாசலில் வரவேற்ற அன்னலட்சுமி பழத்தை வாங்கினார். பையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன சம்பந்தி இது? பொண்ணைக் குடுத்தவர எங்க வீட்டுல ஏணியில ஏத்தி வேலை வாங்கினா ஊர் என்ன பேசும்? உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க."

உட்கார்ந்தோம். முறுக்கு வந்தது. கண்டி மாவட்டம் முழுவதும் ஏணியில் ஏறிய மனிதர், தன் கையால் பூட்டிய மெஷின் தெரியும் அறைவாசலுக்கு நேர் எதிரே கதிரையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை போனபோதும் அதே கதிரை, அதே முறுக்கு. சந்திரிகா முன்பக்க வலையைத் தவறாமல் கழுவி மாட்டுவதாகச் சொன்னாள். வலைக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க அழகையாவுக்குக் கை துடித்தது. மரியாதை விடவில்லை.

பிறகு அவர்கள் டவுனிலிருந்து வேறொரு ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் அவசரத்தில் வெளியே இருக்கும் பெட்டியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்ரசர் போய்விட்டது, முழுசாக மாற்றுங்கள் என்று இரண்டரை லட்சம் சொல்லிப் போனான். சனிக்கிழமை புதியது வருவதாக ஏற்பாடு. சந்திரிகா தகப்பனுக்குப் போன் எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, புதுசு வந்தா இவங்க குறையா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. சொல்லாம இருப்பாங்கன்னு நெனச்சாத்தான் எனக்குத் தாங்க முடியல."

அழகையா போனை வைத்துவிட்டு, பாதி கழற்றிய கீசரை அப்படியே தள்ளி வைத்தார். அவர் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. மெஷின் போனால் போகட்டும். அந்தச் சுவரில் புதுப் பெட்டி தொங்கும் காலமெல்லாம், தகப்பன் கொடுத்தது உதவாத சாமான் என்று அந்தப் பிள்ளை தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே திகனவில் நின்றோம். சந்திரிகாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். வழக்கம்போல் கதிரை, தேத்தண்ணி. தனபாலன் எங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

தலை முழுகிய ஈரக் கூந்தலோடு அன்னலட்சுமி சாம்பிராணித் தட்டுடன் வந்தார். நேரே மகனின் அறைக்குள் போனார். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினார். ஏசியைப் போட்டார். புகையைத் தூக்கி மெஷினின் வாய்க்குக் கிட்டப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினார். மெஷின் அவ்வளவையும் உள்ளே இழுத்தது. பிறகு வெளியே வந்து கதவையும் சாத்தினார்.

அழகையாவின் கையில் கோப்பை அந்தரத்தில் நின்றது.

"சம்பந்தி அம்மா, வெள்ளிக்கு வெள்ளி இப்பிடியா?"

"முந்தி வெள்ளி மட்டுந்தான். இப்ப செவ்வாயும் போடுறேன்." அன்னலட்சுமி குரலைத் தணித்தார். "நீங்க ஏசி மாட்டின நாள்ல இருந்து வர்றவங்க கண்ணெல்லாம் அதுலதான். கண்ணு பட்டுத்தான் படுத்திருச்சு. நீங்க உங்க கையால செஞ்சு குடுத்தது. அதை இழந்திரக் கூடாதுன்னு நானும் எவ்வளவோ பார்த்தேன். கடைசியில முடியல."

நான் வாயைத் திறந்தேன். அழகையா என் காலை மிதித்தார். உள்ளே தகடுகளில் பிசினும் கரியும் கட்டி, காற்று போக வழியில்லாமல் மெஷின் மூச்சுத் திணறுகிறது என்று எனக்கே புரிந்துவிட்டது. ஆனால் மகளின் மாமியாரிடம், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று எந்தத் தகப்பன் சொல்வான்?

"பிழை என்னோடது," என்றார் அழகையா. "இந்த மெஷினுக்குப் புகை ஆகாது. மாட்டின அன்னைக்கே சொல்லியிருக்கணும், கல்யாண அவசரத்துல விட்டுட்டேன். கம்ப்ரசருக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனைக்கிறேன். கழுவிப் பார்ப்போம். பொறகு பேசுவோம்."

அன்னலட்சுமி கையிலிருந்த தட்டைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். கோபித்துக்கொண்டார் என்று நான் பயந்தேன்.

திரும்பி வந்தபோது ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார். வாசல் கதவைப் பூட்டினார். தெருப்பக்கத் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார்.

"ஏறுங்க சம்பந்தி," என்றார். "நான் புடிச்சுக்கிறேன்."

அழகையா ஏறினார். தகடுகளிலிருந்து வழிந்த தண்ணீர் பழைய எண்ணெய்ச்சட்டி கழுவியது போல் கறுப்பாக இருந்தது. தனபாலன் வாளி மாற்றி மாற்றிச் சுமந்தார். தண்ணீர் தெளிந்ததும் மூடியைப் பூட்டிப் போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கை சிலிர்த்தது. தனபாலன் அறை நடுவில் நின்று சிரித்தார். பிறகு போனை எடுத்துச் சனிக்கிழமை ஏற்பாட்டை நிறுத்தினார்.

நாங்கள் புறப்படும்போது கதவு திறந்தது. எதிர்வீட்டு உம்மு குல்சும் வேலியோரம் நின்றார். பட்டப்பகலில் திரை இழுத்துக் கதவு பூட்டியதைப் பார்த்துவிட்டு யார்தான் சும்மா இருப்பார்?

"என்ன அன்னலட்சுமி, வீட்டுல சுகமில்லையா?"

அழகையாவின் சட்டை முழுவதும் கரித் தண்ணீர். அவர் மெதுவாக என் பின்னால் ஒதுங்கினார்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்," என்றார் அன்னலட்சுமி, தெருவுக்கே கேட்கும்படி. "சம்பந்தி குடுத்த ஏசி. அவரே ஏணியில ஏறிச் சரியாக்கிட்டாரு. நான்தான் ஏணியப் புடிச்சேன்."