காற்று நின்றது என்று சொன்னவள்

தேவிப்ரியாவுக்குத் தெரிந்தது ஆடிக்காற்று ஒன்றுதான். மேற்கிலிருந்து வரும், கண்ணில் மண்ணைக் கொட்டும், நின்றால் நின்றதுதான். நாமக்கல் பக்கம் பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன தெரியும்?

கல்லூரியில் தீபாவளி விடுமுறை. கடலைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து, அப்பா நாச்சிமுத்துவின் முட்டை லாரியில் நாகப்பட்டினத்துக்குப் போனாள். கடலைப் பார்ப்பதற்கு முன்னால் புயல் வந்துவிட்டது.

லாரியைப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, காற்று படாத பக்கமாக நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே ஒதுங்கினார்கள். காலையெல்லாம் அடித்த காற்று மதியம் சட்டென்று ஓய்ந்தது. லேசாக வெயில்கூட அடித்தது. அங்கே ஒதுங்கியிருந்த உள்ளூர்க்காரர்கள் ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. இவர்களுக்கு என்ன வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"காத்து நின்னு போச்சுங்கப்பா. தார்ப்பாய் கிழிஞ்சிருக்கும், போய்ப் பாருங்க."

அவர் போனார். "போகாதீங்க, திரும்பி அடிக்கும்" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். பத்தே நிமிடத்தில் நேரெதிர்ப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. லாரி சாய்ந்தது. அப்பாவின் இடது கால் அதற்கடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒரே பதிலைச் சொன்னார்: "நானாத்தானுங்க வெளிய போனேன்."

அவளுக்குத் தலை சுற்றியது. மனிதர் மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா? மறந்திருந்தால் நினைவுபடுத்துவதா? மறைத்தால், அது பாசமா கோபமா? பாடப்புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, சோறு போட்டுக்கொண்டே அம்மா கந்தம்மாள் புலம்பினாள். "இருவது வருசம் வண்டி ஓட்டுன மனுசன். ஊட்டுல ரெண்டு உசிரு இருக்குன்னு நெனப்பு வேண்டாமா? எதுக்கு வெளிய போனீங்க?"

"நான்தாம்மா போகச் சொன்னேன்!" தேவிப்ரியா உடைந்து அழுதாள். "காத்து நின்னு போச்சுன்னு நான்தான் சொன்னேன்."

அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. அவள் மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். யாரைத் திட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

நாச்சிமுத்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"நின்னுச்சில்ல சாமி? நானும்தான் பார்த்தேன். நின்னுதான் இருந்துச்சு."