இறுக்கி வைத்த மூடி

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றிய நாட்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் ராத்திரி ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். இந்த ஒரு விஷயம் மட்டும் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷன். லேத்தில் கடைந்து வரும் சாமானை அளந்து பார்த்து, ஒரு நூல் பிசகினாலும் சிவப்புச் சாக்பீஸில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை வீட்டில் காட்ட ஆரம்பித்தேன். தோசை வட்டமாக இல்லை என்று ஒருநாள் நான் சொன்னதும், என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கயாவது போய் உருப்படியா ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள். அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் மரக்கடைசல் கிளப்.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பழைய தகர ஷெட், ஐந்து லேத், இருபது ஆசாமிகள். மேனாம்பேட்டிலிருந்து இரண்டு பேர், கரையான்சாவடியில் கடை வைத்திருக்கும் ஒருவர், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் மீதிப் பேர். ஞாயிற்றுக்கிழமை கூடி, கிண்ணம், பம்பரம், குங்குமச் சிமிழ் என்று கடைவோம். டீ குடிப்போம். சண்டை போடுவோம்.

வருடத்தில் ஒரு சனி ஞாயிறு ஷெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுவது வழக்கம். நாங்கள் செய்ததையெல்லாம் நீள மேசையில் வைப்போம். எதிலும் செய்தவர் பெயர் இருக்காது, எல்லாம் கிளப்பின் சாமான். திறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, குறை தெரிந்தால் யாரையும் கேட்காமலே சரி செய்துவிடலாம். அதில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள பேச்சு. அந்த வேலையை என்னிடம்தான் கொடுப்பார்கள். எனக்கும் அதில் பெருமை, ஏன் மறைக்க வேண்டும்?

கிளப்பில் என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் பாரிவாக்கத்துக்காரர் ஒருவர். அவர் அப்பா அங்கே வயலில் கூலி வேலை பார்த்தவர். இவர் வாகன உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், அதனால் நான் அவருக்கு "அண்ணாத்தே." நான் கத்தும்போதெல்லாம், "சரி சரி, டீ ஆறிப்பூடும், குடி அண்ணாத்தே" என்பார். எனக்கு வாய்த்த நல்ல சிநேகிதம் அது.

இந்த விஷயம் நடந்த வருடம் ஆனி மாதம் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் சீக்கிரம் தேறியது. கைதான் அடம் பிடித்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண் விடாமல் செய்யச் செய்ய, விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தன. அந்த அம்மா வாசல் தாண்டவே மாட்டேன் என்று இருந்தாராம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தன் வலது கையால் தானே குங்குமம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைச் சிமிழ் எதையும் அந்தக் கையால் திறக்க முடியவில்லை.

நண்பர் பூவரசங்கட்டையில் ஒரு சிமிழ் கடைந்தார். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து, மூடியின் உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, இரண்டு விரல் பட்டாலே கழன்று வரும்படி தளர்த்தினார். பதினைந்து நாள் பழகி, இடது கையில் சிமிழைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மூடியை எடுக்க அந்த அம்மா கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் திறந்து பொட்டு வைத்துக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. எங்களை அசத்த வேண்டும் என்று நண்பர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சிமிழையும் குங்குமம் போட்டு, மற்றதோடு மற்றதாக முன்னாலேயே மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மேசையைச் சுற்றி வந்தேன். சிமிழ் விஷயத்தில் எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. மூடியை இழுத்தால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால்தான் அவன் கடைசல்காரன். பூவரசஞ் சிமிழைக் கையில் எடுத்தேன். லேசாகச் சாய்த்ததும் மூடி கழன்று மேசையில் விழுந்தது. உள்ளே கொஞ்சம் குங்குமம் இருந்தது, அழகுக்கு வைத்தது என்று விட்டுவிட்டேன். உளி ஓடியிருந்த விதத்திலேயே யார் வேலை என்று தெரிந்துவிட்டது. பாவம், பெண்டாட்டி நோவில் மனிதருக்குக் கவனம் தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்டால் அவர் மனசு சங்கடப்படும், சத்தம் போடாமல் சரி செய்துவிடலாம் என்று பெரிய இவன் மாதிரி லேத் முன்னால் போய் உட்கார்ந்தேன். மூடிக்குள் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வளையமாக ஒட்டினேன். அதைச் சுழல விட்டு, இம்மி இம்மியாகச் சீவி, பொருத்திப் பார்த்து, மறுபடியும் சீவினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் இழுத்தேன். டப்! அந்த வருடம் மேசையில் இருந்த சிமிழ்களிலேயே அதுதான் கச்சிதம். சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை முழுக்க நண்பர் பிள்ளைகளுக்குப் பம்பரம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மேசைப் பக்கம் வர நேரமே இல்லை. ஞாயிறு காலையில் மார்கழித் தூறல். பதினொரு மணிக்கு ஆட்டோவில் மனைவியை அழைத்துவந்தார். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, ஆனால் நெற்றியில் பொட்டு இல்லை. மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அண்ணாத்தே, இங்க வா. ஊட்டுக்காரம்மா இன்னா பண்ணப்போவுது பாரு" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு, அந்தச் சிமிழை எடுத்து மனைவியின் இடது கையில் வைத்தார்.

அந்த அம்மாவின் வலது கை மெதுவாக மேலே வந்தது. இரண்டு விரல் மூடியைப் பிடித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரல் வழுக்கியது. மறுபடியும் பிடித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் இழுத்தார். மூடி அசையவில்லை.

"ஊட்ல நல்லாத்தானே தொறந்துகினு இருந்த?" என்றார் நண்பர்.

"வரலியே" என்றார் அந்த அம்மா. வலது கை மடியில் இறங்கிவிட்டது.

என்னால் பார்க்க முடியவில்லை. "இங்க குடும்மா" என்று வாங்கி, நானே இழுத்துத் திறந்தேன். டப்! விஷயம் தெரியாத ஜனம் கைதட்டியது.

நண்பர் மூடியை வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழக்கி மரம் ஊதிக்கிச்சு போலக்கீது. இல்ல அண்ணாத்தே?" என்றார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சுற்றிலும் இருபது முப்பது பேர். இத்தனை வருடத்தில் என் வேலையில் தப்பு என்று ஒருவன் விரல் நீட்டியதில்லை. "ஆமாமா, ஈரந்தான்" என்றேன்.

நண்பர் தன் விரலால் குங்குமத்தை எடுத்து மனைவிக்கு வைத்துவிட்டார். டீகூடக் குடிக்காமல் இருவரும் கிளம்பிப் போனார்கள். சிமிழ் மேசையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கிளப்புக்கு வரவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன். "ஊட்ல வேல அண்ணாத்தே" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மழை என்பேன், பொங்கல் என்பேன், மூட்டு வலி என்பேன். கோபப்படத் தெரிந்த எனக்குத் தப்பை ஒப்புக்கொள்ளத் தெரியவில்லை. இப்படியே நான்கு மாதத்தைக் கடத்தினேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பாரிவாக்கம் போனேன். அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை முந்தானைக்குள் இருந்தது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு.

"பயிற்சிக்கு அந்தப் பொண்ணு வருதா?" என்று கேட்டேன்.

"எங்க?" என்றார் நண்பர். "ஷெட்டுக்கு வந்துட்டுப் போன மறுநாளே அந்தப் பொண்ண வராதன்னு இதுவே சொல்லிட்ச்சு. கை திரும்பவும் பூட்ச்சு, இனிமே இன்னாத்துக்குன்னு ஒரே அழுவ. மரம் ஊதிக்கிச்சும்மேன்னு நானும் எவ்ளோ சொன்னேன். என்னை சமாதானம் பண்றியான்னு கேக்குது."

அங்கேயே சொன்னேன். சீவல் ஒட்டியது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து இறுக்கியது, ஈரம் என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். நண்பர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அன்னிக்கி என் கை நல்லாத்தான் இருந்திச்சா அண்ணா?"

"நல்லாத்தாம்மா இருந்தது."

முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்தார். இடது கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். விட்டதும் அவை மடங்கிக்கொண்டன.