அத்தைக்கு எடுக்காத ஒரு ஷாட்

மானாம்பதி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மின்கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரிலிருந்து என் அத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். யாரோ அதட்டி உட்காரவைத்ததுபோல் கண்கள் விரிந்து, வாய் இறுகி, பார்க்கவே சகிக்கவில்லை. பேனர் கடைக்காரர், "சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருந்தா குடும்மா, அழகா வச்சிடலாம்" என்று இரண்டு முறை கேட்டார். சினிமாவில் நடித்தவளுக்குச் சிரித்த படம் ஒன்றுகூட இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? என் போனில் அத்தையின் படங்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் அவள் பிணமாகக் கிடந்தாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு, துணை நடிகைகள் ஏஜென்ட் ஒருவர் மூலமாகச் சென்னைக்குப் போய் நடிக்க ஆரம்பித்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியும் ஒட்டிய கன்னமும் இருந்ததால் பேய் வேஷம் அவளுக்கென்றே அமைந்தது. பேர் சொன்னாலே விமர்சகர்கள் முகம் சுளிக்கும் மட்டமான பேய்ப்படங்கள். அவை உத்திரமேரூருக்கு வரும்போது எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போவாள். நாங்கள் பயத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டிருக்க, அவள் முன்சீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "தோ, புளியமரத்துல தொங்கிக்கினு கீதே, அது நாந்தான்" என்பாள். மானம் போகும் எங்களுக்கு. அவளுக்கோ அவ்வளவு பெருமை.

படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் ஒரு ஷாட்டாக எடுப்பார்கள். பிறகுதான் பூசணிக்காய் உடைப்பது எல்லாம். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது, வேண்டாத துண்டுகளோடு போய்விடும். அத்தைக்கு மட்டும் அதுதான் முக்கியமான ஷாட். "செத்தத சிரிச்சி அழிச்சிட்டுத்தான் வரணும் பாப்பா. பொணமாவே திரும்பி வந்தா வூடு தாங்குமா?" என்பாள்.

பிற்பாடு நானும் சினிமாவுக்குப் போனேன், உதவி இயக்குநராக. என் இயக்குநர் வெளிநாட்டில் சினிமா படித்தவர். அவர் எடுத்ததும் திகில் படம்தான். ஆனால் யாராவது பேய்ப்படம் என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். "இது பேய்ப்படம் அல்ல, இழப்பைப் பற்றிய படைப்பு" என்பார். விளம்பரக் குறிப்பில் அந்த வரியை எழுதியவளே நான்தான். எழுதிவிட்டு எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. இறந்துபோன அம்மாவாக நடிக்க அத்தையை நான்தான் சிபாரிசு செய்தேன். எங்கள் ஏரிக்கரைப் பக்கத்து ஓட்டு வீட்டிலேயே படப்பிடிப்பு.

கதையைச் சொல்லும்போது, "இதுல பேயே கெடையாது அத்தே. செத்தவங்களோட துக்கந்தான் அந்த வீட்ல இருக்கு. இது வேற தரம்" என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், "நான் நடிச்சதுல மட்டும் இன்னாவாம்? புருசன் அடிச்சி கெணத்துல தள்ளுனவதான் பேயா வந்தா. புள்ளைய வாரிக் குடுத்தவதான் பேயா வந்தா. துக்கம் இல்லாதவ எதுக்குப் பாப்பா பேயா வரப்போறா?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். இந்த உயர்ந்த திகில், தாழ்ந்த திகில் சண்டையை அதன்பின் எத்தனையோ மேடைகளில் கேட்டுவிட்டேன். அத்தையின் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் யாருமில்லை.

அன்று மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைத் துணியால் கட்டி, அத்தையைக் கூடத்தில் கிடத்தினோம். ஈ உட்கார்ந்தும் இமை அசையவில்லை. பிணம் சத்தத்தில் அதிரக்கூடாதென்று, தொடக்கத்தில் தட்டாமல் காட்சியின் முடிவில் கேமரா முன் கிளாப் பலகையைக் காட்டித் தட்டுவது என் வேலை. இயக்குநர் தலையசைத்தார். நான் எழுவதற்குள் அத்தை எழுந்து உட்கார்ந்து, பஞ்சை எடுத்துவிட்டு, தாடைக்கட்டை அவிழ்த்து, கேமராவைத் தேடினாள். என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். மட்டமான படங்களின் மூடப்பழக்கம் என்று இயக்குநர் நக்கலடிப்பாரே, இந்தம்மா இவளுக்குச் சொந்தமா என்று என்னையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பாரே என்று உடம்பெல்லாம் கூசியது. பாய்ந்துபோய்ப் பலகையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துத் தட்டினேன். கேமரா நின்றது.

"பாப்பா, சிரிக்கற ஷாட்டு எடுக்கலியே" என்றாள்.

"என்ன கேக்குறாங்க?" என்றார் இயக்குநர்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். அத்தையிடம் குனிந்து, "இது அந்த மாதிரிப் படம் இல்ல அத்தே, எழுந்திரு" என்றேன். அவள் அவிழ்த்த துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பின் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

படத்தை விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். அத்தைக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். முழுதாகப் பார்த்துவிட்டு, "நல்லா கீது. பேய் எப்ப வரும்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றாள், அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தாள், நான்காம் நாள் போய்விட்டாள். அந்த ஒரு ஷாட் எடுக்காததால்தான் செத்தாள் என்று நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் பாடையில் அவள் தாடையைக் கட்டிய துணியைப் பார்த்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஐயோ, இந்தத் தடவை அவிழ்த்துக் கொடுக்க மாட்டாளே!

பேனருக்குப் படம் தேடியபோது, படப்பிடிப்பில் எடுத்ததெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அந்தக் காட்சியைப் போட்டேன். அத்தை எழுகிறாள், துணியை அவிழ்க்கிறாள், உதடு இலேசாக விரியத் தொடங்குகிறது. உடனே குறுக்கே பலகை. அதன் விளிம்புக்கு வெளியே அவள் முடி மட்டும் தெரிகிறது. பலகையைப் பிடித்திருக்கும் கையில் என் வளையல். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

காரியம் முடிந்து சென்னைக்குத் திரும்ப, பேனருக்குக் கீழேயே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா மூஞ்சி இது? பேயா நடிக்குமே, அந்தம்மாதான? சிரிச்சிக்கினேதான் பஸ் ஏறும். சிரிச்ச படம் ஒண்ணு கெடைக்கலையா?" என்று கேட்டாள்.

"பேயா நடிச்சவங்கதாம்மா. என் அத்தை" என்றேன். "சிரிச்சாங்க. நான்தான் எடுக்க வுடல."