பாடம் நடத்தியவனின் கோல்ட் ஃபீட்

கேகாலையில் என் ஆங்கில வகுப்பில், குளிரைக் குறிக்கும் ‘கோல்ட்’ என்ற ஒரே சொல்லில் தொடங்கும் மரபுத்தொடர்களை மூன்று வாரம் மனப்பாடம் செய்ய வைத்தேன். முகம் கொடுக்காமல் ஒதுக்கினால் கோல்ட் ஷோல்டர். கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கினால் கோல்ட் ஃபீட். எல்லாரையும்விடச் சரியாக ஒப்பித்தவர் செல்வராணி. இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவதை விட்டுவிட்டு, கித்துல்கலையில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யச் சேர்ந்திருந்தார்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவர் போகாமல் நின்றார். ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கைக்கடிகாரத்தைக் காணவில்லையாம்.

“நீதான் எடுத்தியான்னு அந்தம்மா கேட்டாங்க சேர். சிங்களத்துல கேட்டிருந்தா பதிலுக்குக் கிழிச்சிருப்பேன். இங்கிலிஷ்ல ‘நான் எடுக்கல’ன்னு சொல்லக்கூட வாய் வரல. பேசாம நின்னதால நான்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு அந்தம்மா போயிருவாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க சேர்.”

“நாளைக்கு எனக்குக் கிளாஸ் இருக்கே, செல்வராணி.”

“நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவுங்க சேர்,” என்றார் மெதுவாக. பிறகு போய்விட்டார்.

இத்தனை வருடம் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒரு வெள்ளைக்காரரிடம்கூட வாய் திறந்து பேசியதில்லை. அந்தப் பயத்தை மறைக்கத்தான் இந்தப் பட்டியல்கள் எல்லாம். சீ!

நான் போகவில்லை. செல்வராணிக்கு வேலை போய்விட்டது. வகுப்புக்கும் வருவதில்லை. இப்போது முதல் நாளே ‘நான் எடுக்கவில்லை’ என்பதை எல்லாரையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் குரல்தான் நடுங்குகிறது.