கேட்காமல் தொடக்கூடாது

மண் பாதையில் மோட்டார் பைக் ஓட்டும் எங்கள் மூன்று பேருக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் வண்டி நின்றுபோனால் மற்ற இரண்டு பேரும் நின்றுவிட வேண்டும்; விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆனால் வண்டிக்காரர் வாய்விட்டுக் கேட்கும் வரை அந்த வண்டியைத் தொடக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. முதல் பாதி ரொம்ப நாளாக இருந்தது. இரண்டாம் பாதி நான் கொண்டுவந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு இன்றைக்கும் கைநாட்டுதான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சான்றிதழை லேமினேட் செய்து சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறோம். அம்மா அதற்கும் சேர்த்துத்தான் பத்தி காட்டுவாள். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு காற்றாலைக் கம்பெனியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். உச்சி வரை ஏறி நட்டு முறுக்குகிறவள். அப்படிப்பட்டவளின் பழைய டிரெயில் வண்டி வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் நின்று இருமினால், நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான்கு கைகள் இன்ஜினைப் பிடித்திருக்கும். எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒருநாள் கத்திவிட்டேன்.

“நான் கேக்காம இனி ஒருத்தரும் என் வண்டியத் தொடக் கூடாது. யோசனையும் வேண்டாம். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது தாயி” என்றார் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்த போலீஸ்காரர், ஓய்வு நாளில் மட்டும் வண்டி எடுப்பவர். இன்னொருவன் ஆய்க்குடியில் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். துபாயில் ஏசி மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவான். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று காட்டினான்.

இரண்டு பேரும் சட்டத்தை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

போன சாரல் சமயம், துபாய்க்காரனின் லீவில் கடைசி நாள். பதினோரு மணிக்குத் தென்காசியில் அவன் வீட்டு வாசலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் கிளம்ப வேண்டும். அந்த மாதம் முழுக்கக் கல்யாணம், விருந்து என்று போய்விட்டது. அவனுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி. குற்றாலத்துக்குக் கிழக்கே கைவிட்ட கல்குவாரி ஒன்றின் பின்னால் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. ஒவ்வொரு லீவிலும் அதில் ஏறப் பார்த்து விழுந்திருக்கிறான். துபாய் ரூமில் கட்டிலில் படுத்துக்கொண்டு பதினொரு மாதமும் அந்த மேட்டைத்தான் மனசுக்குள் ஏறுவானாம். ஆறு மணிக்குக் கிளம்பினால் மேட்டில் நன்றாகப் புரண்டுவிட்டுப் பத்து மணிக்கு வீட்டில் இருக்கலாம் என்பது திட்டம்.

இலஞ்சி விலக்கு டீக்கடையில் கூடினோம். நான் என் வண்டியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். முந்தின வாரம் சாரலில் பெட்ரோலுக்குள் தண்ணீர் இறங்கி மானம் போயிருந்தது. அதனால் இந்த முறை டேங்க் மூடிக்கு மேல் கனமான பிளாஸ்டிக் தாளைப் போட்டு, சுற்றிலும் மூன்று சுற்று டேப் ஒட்டியிருந்தேன்.

“ஒரு சொட்டு எறங்காது” என்றேன்.

துபாய்க்காரன் குனிந்து பார்த்தான். வாயைத் திறந்தான்.

“கேட்டனா?” என்றேன்.

மூடிக்கொண்டான்.

மூன்று கிலோமீட்டர்கூடப் போகவில்லை. தென்னந்தோப்பு ஓரம், வாய்க்கால் கரையில், வண்டி இரண்டு முறை விக்கி நின்றது. இது நமக்குத் தெரியாததா என்ன? பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளியை அளந்து மாட்டினேன். அளக்கிற தகட்டை இரண்டு பேரும் பார்க்கும்படி கொஞ்சம் தூக்கியே பிடித்தேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.

“பிளக்கு” என்று அறிவித்தேன், யாரும் கேட்காமலே.

அடுத்த மூன்று கிலோமீட்டரில் மறுபடி நின்றது. சரி, கார்பரேட்டர். தார்ப்பாயை விரித்துக் கடை பரப்பினேன். அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“என்னலே, காரு எத்தன மணிக்கு?” என்று அவனைக் கேட்டார்.

“பதினோரு மணிக்குண்ணே.”

“அப்போ நேரம் கெடக்கு.”

“கெடக்கு, கெடக்கு. எங்க உம்மா பத்து மணிக்கே தெருவுல வந்து நின்னுருவாவ.”

“எனக்காச் சொல்லுதிய?” என்றேன்.

“ஒனக்கில்லம்மா” என்றார் அண்ணன். “நாங்க சும்மா பேசிக்கிட்டு இருக்கோம். ஒனக்குச் சொன்னா குத்தமுல்லா?”

அந்த நேரம் பார்த்துக் கடுகு போல ஒரு திருகு கை நழுவிச் சேற்றில் விழுந்தது. துபாய்க்காரன் தேடக் குனிந்தான். அண்ணன் தடுத்தார். கீழே விழுந்த திருகு வண்டியோடு சேர்த்தியா இல்லையா என்று அவருக்குச் சட்டச் சந்தேகம். என்னைப் பார்த்தார். “சேர்த்திதான்” என்றேன் விறைப்பாக. அரை மணி நேரம் நான் மட்டும் தவழ்ந்து தேடினேன். கிடைத்தது. பூட்டினேன். வண்டி ஓடியது. எட்டே முக்காலுக்கு மறுபடி நின்றது.

இந்த முறை துபாய்க்காரன் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலை வாயில் ஒட்ட வைத்து, காற்றே போகாமல் உறிஞ்சினான். பாட்டில் டப்பென்று உள்ளே ஒடுங்கியது. வாயை எடுத்தான், டப்பென்று விரிந்தது. மறுபடி உறிஞ்சினான். கண்கள் என்மேலேயே இருந்தன.

“ஏலே, சத்தம் போடாத. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“தண்ணி குடிக்கது குத்தமா? சட்டத்துல இருக்கா?”

“குடி. மனுசன் மாதிரிக் குடி.”

அவன் இன்னும் பலமாக உறிஞ்சினான். பாட்டில் எலும்பும் தோலுமாக ஒட்டிப்போனது. நான் திரும்பி உட்கார்ந்து ஒயர்களைச் சோதிக்க ஆரம்பித்தேன்.

உண்மையில் எதைச் சோதிக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்பதற்கு எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. நானே முட்டி மோதிக் கண்டுபிடிப்பேன். அது பெருமையாகவும் ஆகிவிட்டது. உருக்கமான காரணம்தான். ஆனால் சாரலில் இரண்டு பேரை மூன்று மணி நேரம் நனையவிடுவதற்கு அது போதாது.

அவன் போன் அடித்தது. உம்மாதான், மூன்றாவது தடவை. “இங்கன பக்கத்துலதான் உம்மா... வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு... வாரேன்” என்றான். நாங்கள் இருந்த இடத்திலிருந்து பனைகளுக்கு மேலே அந்தச் செம்மண் மேடு தெரிந்தது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, முழங்கால் காப்புகளைக் கழற்றிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான். திட்டியிருந்தால் நான் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருப்பேன்.

“ஏலே” என்றேன்.

“என்ன?”

“வண்டியக் கொஞ்சம் பாரு. எனக்குத் தெரியல.”

“மணி ஒம்போது அம்பத்தி மூணு” என்றார் அண்ணன், வாக்குமூலம் பதிகிற குரலில்.

அவன் கருவி எதையும் எடுக்கவில்லை. நகத்தால் டேப்பைக் கிளப்பி, பிளாஸ்டிக் தாளை உரித்து, மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று டேங்க் மூச்சு இழுத்தது.

மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. பாட்டிலை உறிஞ்சி அவன் காட்டியதும் இதைத்தான். அதைத்தான் நான் மூன்று சுற்று ஒட்டி அடைத்திருந்தேன். நான் ரிப்பேர் பார்த்த நேரத்திலெல்லாம் கொஞ்சம் காற்று எப்படியோ உள்ளே கசிந்திருக்கிறது. அதனால்தான் வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. காலையிலிருந்து நான் எதையுமே சரிசெய்யவில்லை. இத்தனைக்கும் நான் மாதா மாதம் சம்பளம் வாங்குவது காற்றை வைத்து.

“எப்ப இருந்துல தெரியும்?”

“டீக்கடையில இருந்து.”

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

“நீ கேட்டியாட்டி?”

“அண்ணே, ஒங்களுக்கும் தெரியுமா?”

“எனக்குத் தெரியாதும்மா. நான் பிளக்குன்னுதான் நெனச்சேன். நீதான சொன்ன?”

துபாய்க்காரன் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினான். எனக்குப் பொறுக்கவில்லை.

“நீ மேட்டுக்குப் போ. அண்ணே, இவனக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“மணியப் பாத்தியா? உம்மா கொன்னுருவாவ.”

“உம்மாவ நான் பாத்துக்கிடுதேன். வெரசாப் போலே.”

இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஒரு தியாகியைப் போலத் தென்காசிக்கு ஓட்டினேன். வண்டி இப்போது வெண்ணெய் மாதிரி ஓடியது.

அவன் வீட்டு வாசலில் காரின் பின்கதவு திறந்திருந்தது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் ஏறிவிட்டன. உம்மா தெருவில் நின்றார். பஞ்சர், ரயில்வே கேட், மாடு என்று வழியெல்லாம் மூன்று பொய்கள் தயார் செய்திருந்தேன். அவர் என் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கரி.

“யாரு வண்டி புள்ள நின்னுச்சு?”

“என் வண்டிதான் உம்மா.”

“நீ இன்ஜினியருக்குல்லா படிச்சிருக்க?”

“ஆமா உம்மா.”

“நாலு வருசமா?”

“நாலு வருசம்.”

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. “நெய்ச்சோறு ஆக்கி வச்சிருக்கேன். அவன் எங்கூட உக்காந்து திங்க இன்னைக்கு இந்த ஒரு நேரந்தான் இருந்துச்சு” என்றார்.

மேட்டுக்குப் போ என்று நான் தாராளமாக எடுத்துக் கொடுத்த நேரம் யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று பொய்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

பதினொன்றே காலுக்கு அவன் வந்தான். உச்சி முதல் கால் வரை செம்மண். “ஏறல உம்மா, ரெண்டு தடவயும் விழுந்துட்டேன்” என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னான். இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டு சட்டையை மாற்றிவிட்டு வருவதற்குள் உம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சோற்றுச் சட்டியையும் குழம்புத் தூக்குவாளியையும் காரில் ஏற்றினார். அவரும் ஏறினார்.

“நான் ஏர்போர்ட்டு வரைக்கும் வாரேன். காருக்குள்ள வச்சு ஊட்டிவிடுதேன். நீயும் ஏறு புள்ள, திரும்பி வார வழிக்கு எனக்குத் துணை வேண்டாமா?”

சீட்டில் டிரைவர் பழைய பேப்பரை விரித்தார். சேற்று உடுப்போடு முன்னால் உட்கார்ந்தேன். செங்கோட்டை தாண்டும் வரை பின்னால் தாயும் மகனும் சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் என்பார் அவர், போதும் என்பான் இவன், பிறகு வாங்கிக்கொள்வான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. புளியரை வளைவுகள் ஆரம்பித்ததும், “ஏ புள்ள, இந்தத் தூக்கப் பிடி, சிந்தீரும்” என்றார். திரும்பி வாங்கி, மடியில் வைத்து, மலை இறங்கும் வரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.