நான்காக அறுத்த நாவல்

2023 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி 4.10. மூன்றரைக்குப் பிடித்த மழை விட்டபாடில்லை. கோலா சாவா முச்சந்தியில் இருக்கும் பாயின் சாப்பாட்டுக் கடைக்குள் நான் நுழைந்தபோது சட்டை, வேட்டி, செருப்பு எல்லாம் நனைந்திருந்தன. நனையாதது ஒன்றுதான்: இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிக் கொண்டுவந்த மூன்றாம் பாகம்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவல் வாங்கியிருந்தோம். 960 பக்கம், 96 மலேசிய வெள்ளி; தலைக்கு 24 வெள்ளி. ஒருவர் பின் ஒருவராகப் படித்தால், கடைசி ஆள் முடிக்கும்போது முதல் ஆளுக்குக் கதை மறந்துபோகும். அதனால் முகம் மழிக்கும் பிளேடால் புத்தகத்தை நான்காக அறுத்தேன். பாகத்துக்குச் சரியாக 240 பக்கம். அத்தியாயம் முடியும் இடத்தில் அறுக்கக்கூடாதா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். அப்படி அறுத்தால் பங்கு சமமாக வராது.

முதல் பாகம் எனக்கு. இரண்டாவது பாய்க்கு. மூன்றாவது, செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்ணுக்கு. நான்காவது, செம்பனைப் பழ லாரி ஓட்டி ஓய்வுபெற்றவருக்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாகங்கள் கைமாறும். தோட்ட அலுவலகத்தில் 34 ஆண்டு கிராணியாகக் கணக்கெழுதிய நான் போட்ட அட்டவணை என்பதால் அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

இது மூன்றாவது கைமாற்றம். கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

"நான் கோர்ட்டுலேருந்து ஆரம்பிச்சேன் அங்கிள்," என்றார் தொழிற்சாலைப் பெண். "எல்லாரும் அழுவுறாங்க. யாரு செத்தான்னே எனக்குத் தெரியாது. பொணத்த போன வாரந்தான் பார்த்தேன். நூறு பக்கத்த எடுத்துடலாம் லா, ஒண்ணும் கொறையாது."

"எனக்குப் புடிச்சிருக்கு, ஆனா ஒரு கொற," என்றார் பாய். "எழுநூத்தி இருவது பக்கம் படிச்சிட்டேன். அந்த இன்ஸ்பெக்டரு மூணே தடவதான் சாப்புடுறாரு. பசியில இருக்கறவன் எப்படிங்க கண்டுபுடிப்பான்?"

"மொத பாகத்துல ரெண்டு தடவ சாப்புடுறாரு. நீங்க இன்னும் அத படிக்கல," என்றேன்.

"அப்ப அஞ்சு. அஞ்சும் பத்தாது கிராணியாரே."

லாரிக்காரர் இரண்டாவது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு கொறையும் இல்ல. கொலகாரன் யாருன்னு மொதல்லயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் மொத பாகத்துல அவன் சாவு வீட்டுக்கு வந்து, பாவம் மாதிரி நாற்காலி எடுத்துப் போடுறான் பாருங்க! நான் சிரிச்ச சிரிப்புல என் சம்சாரம் ஓடியாந்துச்சு."

'அவன்' என்கிறார். ஆக, ஆண். நான் எழுதி வைத்திருந்த 11 சந்தேக ஆட்களில் நான்கு பெண்கள் ஒரே வார்த்தையில் கழிந்துபோனார்கள்.

"யாரும் பேசாதீங்க!" என்றேன். "ஆள நானே புடிச்சிட்டேன். கடைசி பாகத்துல சரிபார்க்கணும், அவ்ளோதான்."

தோட்டத்து ஆள்வரவுப் பதிவேடான செக்ரோலில் எத்தனை பொய்ப் பெயர்களைக் கூட்டல் கழித்தலிலேயே பிடித்திருக்கிறேன்! இந்தக் கொலைகாரனையும் யார் வாயும் படாமல் பிடிக்க வேண்டும் என்று ஒன்பது வாரமாகக் குறிப்பெடுத்து வந்தேன். 52ஆம் பக்கத்தில் அந்தச் சாவு வீட்டுக்கு 14 படிக்கட்டுகள் என்கிறான் தையல்காரன். 611ஆம் பக்கத்தில் 16 இருக்கின்றன. தையல்காரன் ஏன் இரண்டைக் குறைத்தான்?

"படிக்கட்ட எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" என்று லாரிக்காரர் சிரித்தார்.

தொழிற்சாலைப் பெண் என் அட்டவணையை இழுத்துப் பார்த்தார். "அது சரி அங்கிள், ஒங்களுக்கு மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா வந்திருக்கே, அது எப்படி?"

நான் மழையைப் பார்த்தேன்.

"ஆனா ஒண்ணு," என்றார் அவர். "நாலாவது பாகம் எங்க மூணு பேரையும் சுத்திட்டு இன்னிக்குத்தான் ஒங்க கைக்கு வருது. எங்க எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியாது. சொல்லட்டுமா?"

"சொல்லிடு பிள்ளே," என்றார் லாரிக்காரர்.

காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். மூன்று வாய்களும் அசைந்தன. ஒருவர் நாற்காலியைத் தூக்கிக் காட்டினார். கண்ணையும் மூடிக்கொண்டேன். எத்தனை நேரம்தான் மூடியிருப்பது? திறந்தபோது மேசையில் தட்டுகள் கூடியிருந்தன. பாய் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி நான்காக மடித்து என் பைக்குள் செருகினார். கருவியை மாட்டினேன்.

"எல்லாம் அதுல இருக்கு," என்றார். "படிச்சி முடிச்சிட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி பார்த்தா ஒங்க இஷ்டம்."

நான்காம் பாகத்தை வாங்கிக்கொண்டு மழையிலேயே கிளம்பிவிட்டேன்.

சீட்டைக் குப்பையில் போடப் பயம். வீட்டில் யாராவது பிரித்துப் படித்து என்னிடமே சொல்லிவிடுவார்கள். மாத்திரை டப்பாவில் வைத்தேன். காலையும் மாலையும் ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும்போது அது என்னைப் பார்க்கும். எட்டு நாளில் பதினாறு முறை விரல் அதன்மேல் பட்டது. பிரிக்கவில்லை.

24ஆம் தேதி திங்கட்கிழமை காலை 11.20க்கு 960ஆம் பக்கத்தை முடித்தேன். தையல்காரன் ஒரு பாவமும் அறியாதவன். கொலைகாரன் என் பட்டியலில் ஐந்தாவது ஆள். 71ஆம் பக்கத்தில் நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறான், நான் குறிக்கவில்லை. அந்த இரண்டு படிக்கட்டுகள் எங்கே போயின என்று கடைசிவரை எழுதியவர் சொல்லவில்லை. மற்றபடி நல்ல நாவல். 140 பக்கம் கூடுதல்.

பிறகு மாத்திரை டப்பாவைத் திறந்து சீட்டைப் பிரித்தேன். ரொட்டி சானாய் ஏழு, 11.20. தே தாரிக் ஆறு, 13.20. மீ கோரிங் ஒரு தட்டு, 7.00. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். பாய் தவறே செய்யவில்லை. ஆறு தே தாரிக்கில் நான் குடித்தது ஒன்று.

ஆக, மூவரும் சேர்ந்து என் தலையில் கட்டிய பில் 31 வெள்ளி 40 காசு. நாவலில் என் பங்கு 24 வெள்ளி. கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு, 55 வெள்ளி 40 காசு.