நேவிக்காரரின் காலுறை

டேனிஷ் ஊரான வைலேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்தவர் பழைய ஆங்கிலேயக் கடற்படைக்காரர் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தாளுக்கு நேவி என்றால் ஒரே அர்த்தம்தான்: ஓடு. பத்தொன்பது வயதில், அவர்கள் சுடச் சுடக் களப்புக் கடலைப் படகில் கடந்தவள் நான். அந்தப் பயணத்தைப் பற்றி யாரோடும் கதைப்பதில்லை. "வேற ஆளைப் போடுங்கோ" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். ஆளில்லையாம். தொண்ணூற்றொன்பது வயது நேவிக்கு, கால் வீங்காமலிருக்கப் போடும் இறுக்கக் காலுறையை மாட்டும் பாக்கியம் எனக்கே வாய்த்தது.

கிழவர் லேசுப்பட்டவர் அல்ல. போர்க்காலத்தில் ரஷ்யாவுக்குச் சாமான் ஏற்றிப்போன கப்பல்களுக்குக் காவலாக வடதுருவக் கடலில் போனவர். தளத்தில் ஏறிய பனியைக் கோடரியால் கொத்துவார்களாம். இங்கே ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தால் போதும், குளிர் என்று ஊரைக் கூட்டிவிடுவார். நான் அவரை "அப்பு" என்று கூப்பிட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். கிழவன் என்றேன். சந்தோசப்பட்டார்.

மே நான்காம் திகதி மாலை, ஜெர்மன்காரரிடமிருந்து விடுதலையான நினைவாக இங்கே ஜன்னல்களில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். எங்கள் இல்லத்தில் நெருப்புக்குத் தடை, பற்றரித் திரிதான். கிழவரைச் சோடித்து நடுவில் இருத்தினோம். விடுதலையான கொப்பன்ஹேகனுக்குக் கப்பல் வந்தபோது பெண்கள் பூவெறிந்து முத்தம் கொடுத்ததையும், அதில் ஒருத்தியைக் கட்டி இங்கேயே தங்கியதையும் கேக்கை மென்றபடி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சல். நேவிக்குப் பூ ஒரு கேடா?

அறைக்குக் கொண்டுவந்து காலுறையைக் கழற்றும்போது கிழவர் டேனிஷில் மெல்லச் சொன்னார்.

"ரஷ்யாவுக்குப் போகேக்க, மூழ்கின கப்பலில இருந்த ஒருத்தன் தண்ணிக்குள்ள நிண்டு கை காட்டினவன், பிள்ளை. அவன்ர மிதவைச் சட்டையில சிவப்பு லைட் எரிஞ்சது. நிண்டால் நீர்மூழ்கிக்காரர் எங்களையும் அடிப்பாங்கள், நிக்கவேண்டாம் எண்டு கட்டளை. நிக்கேல்லை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயெண்டால் நிப்பாட்டியிருப்பாய், என்ன?"

ஓம் என்று சொல்லிவிட்டு லைட்டை அணைத்திருக்கலாம். முப்பது வருசத்துக்கு மேலாக நேவியைத் திட்டித் திட்டியே அந்தக் கேள்வியிலிருந்து தப்பி வந்தவள் நான். அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லை, அப்பு. நேவி சுடேக்க எங்கட படகில இருந்த ஒரு பொம்பிளை தண்ணிக்குள்ள விழுந்திட்டா. ஓட்டி நிப்பாட்டப் பாத்தவன். நிப்பாட்டாதை, ஓடு எண்டு கத்தினது நான்."